உமது உதவியின்றிப் பூட்டிய கிளட்ச்

ரெய்னர்ஸ் லேன்,
செவ்வாய்க்கிழமை மாலை.

அன்புள்ள மச்சான் றஜீவன் அறியவேண்டியது,

இங்கு நான், உமது அக்கா தவமலர், உமது மருமகளான எங்கள் மகள் கஜந்தினி மூவரும் பிள்ளையார் கிருபையால் சுகம். காரும் சுகம். காரின் சுகத்தைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. குரோய்டனில் நீரும் உமது கராஜும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இடத்தில் அத்தானிடமிருந்து என்ன கடிதம் என்று யோசிப்பீர். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீர் பார்த்துவிட்டும் பேசாமல் இருந்ததை இரண்டு நீலக்கோடு காட்டிக்கொடுத்துவிடும், அது இருவருக்கும் மரியாதை இல்லை. கடிதத்தில் அந்த வில்லங்கம் கிடையாது. நீர் வாசித்தீரோ கிழித்தீரோ எனக்குத் தெரியப்போவதில்லை.

இரண்டு மாதத்துக்கு முந்திய அந்தப் பிறந்தநாள் மண்டபத்தில், கையில் கடித்த ரோல்ஸோடு நின்றுகொண்டு, அவ்வளவு சனத்துக்கு முன்னால் நீர் சொன்ன வசனத்தை நான் மறக்கவில்லை. "அத்தானாலை ஒரு பல்ப் மாத்தக்கூட ஏலாது, அதுக்கும் நான்தான் குரோய்டனிலையிருந்து வரவேணும்." எல்லோரும் சிரித்தார்கள். உமது அக்காவும் சிரித்தாள், நான் பார்த்தேன். முப்பது வருடம் பெற்றோல் ஷெட்டில் நின்றவன் நான். கண்ணாடிக்குப் பின்னால் கல்லாவில் இருந்துதான் என்றாலும், எத்தனை ஆயிரம் வாகனம் பார்த்திருப்பேன். ஆகவே எங்கள் காரின் கிளட்ச் வழுக்கத் தொடங்கியபோது உம்மிடம் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்தேன்.

வழுக்கியது என்றால் சாதாரண வழுக்கல் இல்லை. ஆக்சிலேற்றரை மிதித்தால் சத்தம் ஹரோ ஊர் முழுக்கக் கேட்கும், கார் அடுத்த லைற் வரைகூடப் போகாது. இதற்கிடையில் கஜந்தினிக்கு, வீடு வீடாகப் போய் நோயாளர்களைப் பார்க்கும் நேர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. மாத முடிவுக்குள் லைசன்ஸைக் காட்டினால்தான் வேலை. லைசன்ஸ் ரெஸ்ற் இன்று காலை பத்து பதினாலுக்கு, இதைத் தவறவிட்டால் அடுத்த திகதி ஐந்து மாதத்துக்குப் பிறகு. நான் பழக்கிய பிள்ளை, இந்தக் காரைத் தவிர வேறு எதிலும் அவளுக்குக் கால் வராது. "அப்பா, ப்ளீஸ், மாமாட்டைக் குடுங்கோ" என்றாள். கிளட்சைத் தேய்த்ததே நீதான் என்றேன். "நான் இல்லை அப்பா, நீங்கள்தான் எப்பவும் அதிலை காலை வைச்சபடி ஓடுறனீங்கள்" என்றாள். பெரியவர்களுக்கு எதிர்க்கதை சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும்.

ஒன்லைனில் தேடினேன். கார்க் கம்பனியின் சாமான் யானை விலை. வேறு கம்பனி செய்தது அதில் கால்வாசி, பொருந்தும் என்று போட்டிருந்தார்கள், வாங்கியவர்கள் நாலரை நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த புதுச்சாமானைத் தவமலர் சும்மா விடுவாளா? கிளட்ச் பிளேட்டைச் சாமித் தட்டில் வைத்து, கற்பூரம் காட்டி, சந்தனத்தைக் குழைத்து நடுவில் நல்ல பெரிய பொட்டாக வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். பிளேட் அம்மன்போல இருந்தது. பெட்டிக்குள் ஒரு பிளாஸ்ரிக் தடியும் கிடந்தது. பொருட்கள் ஆடாமல் இருக்க வைத்ததாக்கும் என்று எறிந்துவிட்டேன். அதுதான் பிளேட்டை நடுவில் பிடித்து நிறுத்தும் தடி என்று பிறகு கிளட்ச் பூட்டும் யூடியூப் வீடியோவில் கண்டேன், அதற்குள் குப்பை லொறி போய்விட்டது. ஆனால் புட்டுக்குழலின் தடி அச்சொட்டாக அதே அளவு. இதை உமது தொழிலில் உள்ளவர்கள் எவரும் கண்டுபிடித்ததாக நான் அறியவில்லை.

சனிக்கிழமை இராகுகாலம் கழிந்து பத்தே முக்காலுக்குத் தொடங்கினோம். உதவிக்கு எதிர்வீட்டுச் சவிரிமுத்து அண்ணை. மன்னாரில் ஒரு காலத்தில் உழவு மெசின் கழற்றியவர், திருப்பிப் பூட்டினாரா என்று நான் கேட்கவில்லை. வீடியோவில் வந்த மனிதன் இருபது நிமிடத்தில் கியர்பொக்சை இறக்கினான். எங்களுக்கு நாலு மணித்தியாலம் எடுத்தது, ஏனென்றால் அவன் வீடியோவை நிறுத்தி நிறுத்தி எடுத்திருக்கிறான், நாங்கள் நேர்மையாகச் செய்தோம். கடைசியில் கியர்பொக்ஸ் சவிரிமுத்து அண்ணையின் வயிற்றில் வந்து இறங்கியது. பழைய பிளேட்டை எடுத்துப் புதியதை வைக்கும்போதுதான் ஒரு சந்தேகம், பொட்டு வைத்த பக்கம் எஞ்சினைப் பார்ப்பதா, எங்களைப் பார்ப்பதா? இரண்டு பக்கமும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. சவிரிமுத்து அண்ணை வயிற்றைத் தடவியபடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன், உங்கடை முறை எனக்குத் தெரியாது. ஆனால் சாமிப்படத்தை ஆரும் சுவரைப் பாக்கக் கொழுவிறதில்லை." மறுக்க முடியாத நியாயம். பொட்டு எங்களைப் பார்க்கப் பூட்டினோம்.

பின்னேரம் ஆறுமணிக்கு நாலு சில்லுக்கும் கீழே சகுனத்துக்குத் தேசிக்காய் வைத்து ஸ்ராட் பண்ணினேன். கிளட்சை அடிமட்டும் மிதித்தும் கியர் விழவில்லை, அரிசி மில் போலச் சத்தம். சரி, முதலில் கியரைப் போட்டுவிட்டு ஸ்ராட் பண்ணுவோம் என்று திறப்பைத் திருப்பினால், கிளட்சில் கால் இருக்கும்போதே கார் பாய்ந்து, நாலு தேசிக்காயையும் நசித்து, கவுன்சில் தந்த பச்சைக் குப்பைத்தொட்டியை மோதி நின்றது. கஜந்தினி வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அது எனக்கு நெஞ்சில் குத்தியது, மறைப்பானேன்.

விற்றவனுக்கு உடனே காரசாரமாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். அவன் பதில் போட்டான்: "எஞ்சின் பக்கம் என்று பிளேட்டின் நடுவில் அச்சடித்திருக்கிறதே, அந்தப் பக்கத்தை எஞ்சினுக்குத்தான் வைத்தீர்களா?" நான் அதைச் சத்தமாக வாசித்து, "நடுவிலை ஒரு எழுத்தும் இல்லை, பொய் சொல்லுறான்" என்றேன். தவமலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். பிறகு, "நாளைக்கு விம்பிள்டன் பிள்ளையாரிட்டைப் போயிட்டு வாங்கோ. பூசை முடியும்வரை நில்லுங்கோ. சாப்பாடும் அங்கை சாப்பிடுங்கோ. அவசரப்பட்டு வரவேண்டாம்" என்றாள். இத்தனை வருடத்தில் அவசரப்படவேண்டாம் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு போனேன், இரண்டு ரெயின் மாறி. வாசலில் ஒரு தேங்காய் உடைத்து, பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனை செய்து, சாப்பிட்டு, வீடு வர ஐந்து மணி. வீட்டு முன்நிலம் கழுவி விட்டிருந்தது, மழையாம். குசினித் தொட்டியில் சாப்பிட்ட கோப்பை மூன்று கிடந்தது, கஜந்தினியின் சிநேகிதிகளாம். காரில் ஏறி மிதித்தேன். மச்சான், வெண்ணெயில் கத்தி இறங்கியது போலக் கியர் விழுந்தது. புதுச்சாமான் ஒரு நாள் இருந்து தன் இடத்தில் படியவேண்டும் என்ற இரகசியத்தை நான் அப்போதுதான் உணர்ந்தேன். இதை நீர் உமது வாடிக்கையாளருக்கும் சொல்லலாம்.

இன்று காலை கஜந்தினி ஆறு சின்னப் பிழையோடு பாஸ் பண்ணினாள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்களாம், கார் ஓர் அங்குலம் பின்னுக்கு வரவில்லையாம். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அத்தானால் ஒரு பல்ப் மாற்ற ஏலாது என்ற வசனத்தை இனி எந்த மண்டபத்தில் சொல்வீர் என்று அறிய விருப்பம். மற்றப்படி மனதில் ஒன்றும் இல்லை. உமக்கும் குடும்பத்துக்கும் தொழிலுக்கும் குறையொன்றும் வராமல் பிள்ளையார் காக்கட்டும்.

இப்படிக்கு,
தன் கையால் கிளட்ச் பூட்டிய,
உமது அத்தான் கணேசலிங்கம்.

பின்குறிப்பு: முத்திரை ஒட்டிய பிறகு உமது விலாசத்தின் போஸ்ற்கோட் தெரியாமல் தவமலரிடம் கேட்டேன். அவள் உறையைப் பிரித்து, கடிதத்தை எடுத்து வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் கதிரையில் இருந்துவிட்டாள், சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. எழுத்தின்மேல் சந்தனத்தை அப்பியது தான்தான் என்பது மின்னஞ்சலை நான் வாசித்தபோதே அவளுக்கு விளங்கிவிட்டதாம். அவள் போன் பண்ண, ஞாயிறு நான் ரெயினில் ஏறுமுன்னே நீர் வந்து, எல்லாவற்றையும் இறக்கி, பொட்டைத் துடைத்து, சரியான பக்கமாகப் பூட்டி, நிலத்தையும் கழுவிவிட்டுப் போனீராம். சவிரிமுத்து அண்ணை மாதா கோயில் பூசை முடிந்து வந்து ரோச் லைற் பிடித்தாராம். போகும்போது, "அத்தானுக்குச் சொல்லாதை அக்கா, அவர் பூட்டினதாவே இருக்கட்டும்" என்றீராம். ஆகவே மேலே உள்ளதில் நாங்கள் சுகம் என்பதையும் பிள்ளை பாஸ் பண்ணியதையும் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான், சந்தோசமாகவும் இருக்கிறது. நான் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று கோவிலில் உமது பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்தேன், உமக்கு அடக்கம் வரவேண்டும் என்று. அந்த நேரம் நீர் என் காருக்கு அடியில் கிடந்திருக்கிறீர். நட்சத்திரம் பூரட்டாதி என்று ஐயரிடம் சொன்னேன். நீர் உத்தரட்டாதியாம், தவமலர் இப்போதுதான் சொல்கிறாள். ஆகவே அந்த அடக்கம் உம்மிடம் வந்து சேர்ந்திராது. பூரட்டாதி நான்தான்.