கிறீச்சிடாத கட்டில்

அவளுடைய கட்டில் கிறீச்சிட மறுத்தது. ஏறி முழங்காலிட்டுக் குலுக்கினாள், குதித்தும் பார்த்தாள். புதுக்கட்டில், வாயே திறக்கவில்லை.

படங்களுக்கு ஓசை சேர்ப்பது அவள் தொழில். காலடி, கதவு, பாத்திரம் எல்லாவற்றையும் வீட்டு அறையிலேயே பதிவு செய்துவிடுவாள். இந்த முறை வந்திருப்பது ஒரு படுக்கையறைக் காட்சி. நான்கு நிமிடம், போர்வைகூடக் கிடையாது. முத்தச் சத்தத்துக்குத் தன் மணிக்கட்டே போதுமாக இருந்தது. கட்டில்தான் காலை வாரியது.

படத்தின் இயக்குநர் பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் சொந்தமாகப் படமெடுப்பவர். படம் முடியுமுன்பே மூன்று பேட்டிகளில், "இது ஆபாசம் இல்ல, உடம்புதான் இங்க திரைக்கதை" என்று சொல்லிவிட்டார். காட்சியின் கடைசியில், கணவன் தூங்கிப்போனதும், மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். அந்தத் திரும்பலில் ஒரு கல்யாணம் முடிந்துபோவது காதில் விழ வேண்டுமாம். அது எப்படி விழும் என்று கேட்டால், "உணரணும் மேடம்" என்பார். நாளைக் காலைக்குள் அவர் உணராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். திரையில் அவள் பெயர் தனியாக வரப்போகும் முதல் படம் இது.

வீட்டில் நன்றாகக் கிறீச்சிடும் கட்டில் ஒன்றே ஒன்றுதான். விரிப்பு மாற்றும்போதெல்லாம் கத்தும். அது மாமனார் மாமியாருடையது. மாமியார் மாடிக்குத் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து, மைக்கோடு உள்ளே நுழைந்தாள். இரண்டு முறை குலுக்கியிருப்பாள், வாசலில் மாமனார்.

"என்னம்மா பண்றே?"

"கட்டில் சத்தம் போடுது மாமா. திருகாணி லூஸா இருக்கான்னு..."

மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தக் கட்டிலா? முப்பது வருஷமாப் படுக்கறேன். ஒரு நாள் ஒரு சத்தம் கேட்டதில்ல."

ஆனாலும் மருமகள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாளே என்று ஸ்பேனரைத் தேடியெடுத்து நாலு மூலையையும் முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். இருந்த ஒரு ஓசையும் செத்தது.

சாயங்காலம் அவர் நடக்கப் போனதும் அதே ஸ்பேனரால் எல்லாவற்றையும் தளர்த்தினாள். கொஞ்சம் அதிகமாகவே தளர்த்திவிட்டாள் போல. கட்டில் ஓலமிட்டது. பதிவு செய்து அனுப்பிய இரண்டாவது நிமிடம் இயக்குநரிடமிருந்து போன் வந்தது.

"கல்யாணம் உடையணும் மேடம். நீங்க கட்டில உடைக்கறீங்க."

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினாள். ஆசையோடு ஆரம்பித்து வெறுப்போடு திரும்பும்படி அவர் விளக்கிக்கொண்டே இருந்தார். மணிக்கட்டில் வாயை வைத்தபடி அவள் நிமிர்ந்தபோது, காய்ந்த துணிக் குவியலோடு மாமியார் நின்றிருந்தார்.

போனை அணைத்தாள். உடற்பயிற்சி என்றாள்.

"ஆம்பளக் குரல் கேட்டுச்சே" என்றார் மாமியார்.

பத்து வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நல்ல பெயர் கட்டில் விளிம்பில் தொங்கியது. இனி உண்மைதான் கொஞ்சமாவது கௌரவமான பொய்யாக இருக்கும் என்று தோன்றியது. லேப்டாப்பைத் திறந்து, தான் சேர்த்த சத்தத்தோடு காட்சியை ஓடவிட்டாள்.

மாமியார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முகம் சுளிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே, காய் நறுக்கும் நிகழ்ச்சி பார்ப்பதுபோல் நான்கு நிமிடமும் பார்த்தார். அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிய இடத்தில் மட்டும் கை நின்றது.

"இங்க தப்பு. கட்டில் சத்தத்த எடுத்துடு."

"எடுத்துட்டா எப்படி அத்தை? அவ வெறுத்துப்போய்த் திரும்பறா."

"அதனாலதான் சொல்றேன். அவன் முழிச்சுக்கக் கூடாதுல்ல." மாமியார் மாமனாரின் சட்டையை உதறி, காலரை நீவி, மடித்து வைத்தார். "வேணும்னா உங்க மாமாவக் கேட்டுப் பாரு. முப்பது வருஷத்துல இந்தக் கட்டில்ல ஒரு நாள் ஒரு சத்தம் கேட்டிருக்காரான்னு."