ஆளில்லாத கட்டுமரம்

"என்ன மக்கா, இந்த வெயிலுல நடந்து வந்திருக்க? விசேஷம் உண்டுமா?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல சாரே. உங்க வீட்டு ஓட்டுல ஒழுக்கு இருக்கும்போலத் தோணிச்சு. பாத்துட்டுப் போலாம்னு..."

"ஒழுக்கா? எனக்கே தெரியாதே! ஏணி பின்னால கிடக்கு. ஏறு."

போன சித்திரையில் நடந்த இந்தப் பேச்சை நினைத்தால் ஜெபசீலனுக்கு இப்போதும் முதுகு சுடும். அன்று அவன் போனது ஓடு பார்க்க அல்ல. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் யேசுரத்தினத்திடம் அவர் மகள் நேசபாயைப் பெண் கேட்கப் போனான். இரண்டு நாள் கூரைமேல் இருந்து ஓடு மாற்றிவிட்டுத் திரும்பினான்.

பெண் கேட்க அப்பனோ சித்தப்பனோ போவதுதான் முறை. ஜெபசீலனுக்கு அப்படி ஒருவரும் இல்லை. அருமனையிலிருந்து மிஷன் விடுதிக்கு வந்து சேர்ந்த அநாதைப் பிள்ளை அவன். பசித்தபோது சோறு போட்டது, காலேஜுக்கு அனுப்பியது, பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார் வேலைக்குச் சிபாரிசு செய்தது எல்லாமே யேசுரத்தினம்தான். இத்தனையும் வாங்கிக்கொண்டு பெண்ணையும் கேட்டால் மனுஷர் என்ன நினைப்பார்? நன்றி தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு வார்த்தைக்கு வழிவிட மறுத்தது.

நாளைக்குத் தக்கலையிலிருந்து ஒரு ரப்பர் தோட்டக்காரர் தன் மகனுக்காக நேசபாயைப் பார்க்க வருகிறார். இன்று விட்டால் அவ்வளவுதான். விடுதி முற்றத்தில் நின்று, "சாரே, வந்து..." என்று வேப்பமரத்திடம் பேசிப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் நேசபாய் ஓடி வந்தாள்.

"இஞ்ச வாங்க! அப்பா பாறையில மாட்டிக்கிட்டாரு!"

கரையிலிருந்து நூறு கெஜம் தள்ளிக் கடலுக்குள் ஒரு பாறை. யேசுரத்தினத்துக்குத் தூண்டில் பைத்தியம் உண்டு. காலையில் சிலுவைமுத்து தன் கட்டுமரத்தில் கொண்டுபோய் அவரை அங்கே இறக்கிவிட்டிருந்தான். மத்தியானம் வருகிறேன் என்றவனைக் காணோம். அன்று கோட்டாறு சவேரியார் கோயில் தேர். கரையில் கட்டுமரங்கள் வரிசையாகக் கிடந்தன. தள்ளிக்கொண்டு போக ஓர் ஆண்பிள்ளை இல்லை. ஊரே தேர் பார்க்கப் போயிருந்தது.

"நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் நேசபாய்.

"நானா?" ஜெபசீலன் மலைப்பக்கத்துப் பிள்ளை. அலை காலைத் தொட்டாலே கர்த்தரைக் கூப்பிடுகிறவன். "எதுக்கு ஆளு போகணும்? காத்து கரையில இருந்து கடலுக்கு அடிக்குது பாத்தியா? மரத்துல பாயைக் கட்டி, பின்னால கயித்தையும் கட்டி விட்டா அதுவா போவும். சார் ஏறி உக்காருவாரு. நாம இழுத்திரலாம். ஆளே போவாம ஆளைக் காப்பாத்தலாம்!"

"இதுக்குத்தான் பி.எஸ்ஸி. படிச்சியளா?"

பள்ளிக்கூடத்தில் வடம் இழுக்கிற போட்டிக்கு வைத்திருந்த கயிறு வந்தது; நீளம் போதாமல் அதோடு வலைக் கயிறும் சேர்ந்தது. விடுதிப் போர்வை பாயாக ஏறியது. ஆளில்லாத கட்டுமரம் அழகாகத்தான் புறப்பட்டது. பாறைக்கு நேராகப் போய், ஐந்து அடி தள்ளி, நிற்காமல் தாண்டிப் போயிற்று. யேசுரத்தினம் குடையை நீட்டிக் கொக்கி போட்டார். கரையிலிருந்து இழுத்தபோது மரத்தோடு குடை வந்தது.

"குடை வந்திட்டு. அப்பா?" என்றாள் நேசபாய்.

"இரு. சுக்கான் இல்லாததுதான் குறை."

துடுப்பு ஒன்றைப் பின்னால் சரித்துக் கட்டினான். இந்தத் தடவை மரம் பாறையில் போய்ச் செல்லமாக முட்டியது. கயிறு வெடுக்கென்று இழுத்தது.

"ஏறிட்டாரு! இழு, இழு!"

மரம் வந்தது. அதில் மீன்கூடை, செருப்பு, ஒழுங்காக மடித்த சட்டை, அதன்மேல் மூக்குக்கண்ணாடி.

"நல்லாயிருக்கு" என்றாள் நேசபாய். "இதுவரைக்கும் அவருக்குக் கண்ணாவது தெரிஞ்சுது."

பாறையிலிருந்து குரல் வந்தது. "மரம் நல்லாத்தான் வருது மக்கா! ஆளும் வந்தாத் தேவலை!"

"பயப்படாதீங்க சாரே! இதுக்கு ஆளே வேண்டாம்!"

மூன்றாம் தடவை கண்ணாடியோடு ஒரு சீட்டும் எழுதி வைத்தான்: 'முதலில் தாங்கள் ஏறவும். சாமான் பிறகு.' யேசுரத்தினம் கண்ணாடியை மாட்டி, சீட்டை இரண்டு முறை படித்து, தலையை ஆட்டிக்கொண்டு மரத்தில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் குனிந்து ஏதோ செய்தார்.

"இப்ப இழு!"

இருவரும் பலங்கொண்ட மட்டும் இழுத்தார்கள். இருவரும் மல்லாக்க மணலில் விழுந்தார்கள். வெறுங்கயிறு வந்தது.

"முடிச்சு அவுந்து போச்சு மக்கா!"

பாய் காற்றை வாங்கியது. மரம் பாறை ஓரமாகக் கடலைப் பார்த்து மெல்ல நகர்ந்தது. நேசபாய் கேலியை மறந்தாள். "அப்பா!" என்ற அவள் குரல் உடைந்தது.

ஜெபசீலனுக்கு அப்புறம் யோசிக்க நேரமில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு சின்னக் கட்டுமரத்தை அவளும் அவனுமாகத் தள்ளினார்கள். குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டான். கையில் கிடைத்த பலகையால் தண்ணீரை அடித்தான். ஒவ்வோர் அலைக்கும், "கர்த்தாவே, இந்த ஒண்ணு மட்டும்!" என்று கும்பிட்டான். காற்றும் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் மரத்துக்குத் தாவிப் போர்வையை அவிழ்த்தான். இரண்டு மரத்தையும் சேர்த்துக் கட்டினான். பிறகுதான் அழுதான்.

யேசுரத்தினம் அவன் தலையைத் துவட்டிவிட்டார்.

"தண்ணியைக் கண்டா நடுங்குத பய, எனக்காக வந்துட்டியே மக்கா. உனக்கு என்ன வேணும்? வாயைத் திறந்து கேளு."

"சாரே... உங்க..."

"ம், எனக்க?"

"உங்க சட்டை கரையில பத்திரமா இருக்கு."

யேசுரத்தினம் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். "சந்தோஷம். வேற?"

ஓர் அலை இரண்டு மரத்தையும் தூக்கிப் போட்டது. அதோடு ஜெபசீலனின் தொண்டையில் இருந்ததும் இடம் பெயர்ந்தது.

"சாரே, நீங்க போட்ட சோத்துலதான் இந்த உடம்பு நிக்குது. அதுக்கு நன்றி சொல்லவே எனக்கு ஆயுசு போதாது. அதுக்கு மேலயும் கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. நேசபாயை எனக்குக் கட்டித் தருவியளா?"

யேசுரத்தினம் ஈரக் கண்ணாடியைத் துடைத்தார். அவன் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். பிறகு பாறைப் பக்கம் திரும்பிப் பலமாக இருமினார்.

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டுமரத்தின் மூக்கும், அதன்மேல் சிலுவைமுத்துவின் தலையும் எட்டிப் பார்த்தன.

"பய பொண்ணு கேட்டாச்சா சாரே? நீங்க முடிச்சை அவுத்து விட்டப்ப எனக்க நெஞ்சே நின்னு போச்சு. காலையில இருந்து இஞ்ச ஒளிஞ்சு கெடந்து எனக்க தேரும் போச்சு, இனியாவது நான் வெளிய வரலாமா?"