அந்த மாமியார் எப்போது ஊருக்குப் போவார்?

உலகத்தில் நாடகம் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் சாய்ந்தமருதுத் தெருவில் எல்லாரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் டெய்லர்தான். மற்றவர்கள் எல்லாரும் டீவிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள். நானும் இப்போது மூன்று நாடகங்கள் பார்க்கிறேன். மூன்றிலும் யாருக்கோ ஞாபகம் தவறியிருக்கிறது, மூன்றிலும் யாரோ பாலில் எதையோ கலக்கிறார். எனக்கு இதிலெல்லாம் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. காக்காவுக்கு நிமிடத்துக்கு ஒன்று வரும்.

"தம்பி, இவள் இவ்வளோ நகையையும் போட்டுக்கிட்டா படுக்கிற?"

"நாடகம்தானே காக்கா."

"சரி, நாடகம். இந்த ஊட்டுல ஆம்புளயள் ஒருத்தனும் தொழிலுக்குப் போறல்லயா?"

பதில் கிடைக்கும்வரை என்னை அளக்க வேண்டிய நாடா அவர் கழுத்திலேயே தொங்கும்.

கடையில் தையல் மெஷினுக்கு நேர் மேலே, பொத்தான் போத்தல்களுக்கு நடுவில் டீவி இருக்கும். கால் மெஷினை மிதிக்கும், கண் மேலே போகும், துணி தன்பாட்டில் ஓடும். ஆகவே நாடகத்தில் நடப்பதெல்லாம் எங்கள் உடுப்பில் தெரியும். மருமகள் அழுத அன்று தைத்த காற்சட்டையென்றால் இரண்டு பொக்கற்றும் வாய் மூடித் தைக்கப்பட்டிருக்கும். கொண்டுபோய்க் காட்டினால், "அந்தப் புள்ள அழுத அழுகைக்கு இதோட தப்பிச்சீங்க" என்று பிளேடால் பிரித்துத் தருவார்.

நாடகம் உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்துத்தான் மஹ்ரிப் பாங்கு சொல்லும். டீவியை அணைத்துத் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவார். தொழுதுவிட்டு வந்த பிறகு, இடையில் நடந்ததைக் கண்டவரிடமெல்லாம் விசாரிப்பார். ஒருமுறை ஒருவர் இறந்துபோன ஜனாஸா வீட்டில், துஆ முடிந்து எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது என் காதருகே குனிந்தார். ஆறுதல் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பால அவள் குடிச்சாளா?" என்றார்.

இப்படிப்பட்டவர் மாதக்கணக்காக ஒரு நாடகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ஒரு பின்னேரம்தான் தெரிந்தது. திரையில் மாமியார் மருமகளை ஏசிக்கொண்டிருந்தார். காக்கா கத்தரிக்கோலை ஓங்கி மேசையில் வைத்தார்.

"வெக்கம் கெட்ட மனிசி! வந்தா ரெண்டு நாள் இரிந்துட்டுப் போகணும். இவள் என்னத்துக்கு இன்னும் போகாம இரிக்காள்?"

"எங்க போறது காக்கா?"

"அவட ஊட்டுக்குத்தான்! மருமகள்ட ஊட்டுல குந்திக்கிட்டு அவளுக்கே ஏசுறாளே!"

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. எங்கள் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெண்ணின் தாய் தகப்பன் பக்கத்து வளவில் ஒதுங்கிக்கொள்வார்கள். காக்காவே மருதமுனையிலிருந்து ஒரு பேக்கோடு வந்தவர்தான். அதனால் டீவியில் தெரிந்த அந்த மாளிகை மருமகளுடையது என்றும், மாமியார் விருந்துக்கு வந்து திரும்பிப் போகாதவர் என்றும் அவர் முடிவு கட்டியிருந்தார்.

"காக்கா, அது மாமியார்ட ஊடு. அங்க பொண்ணுதான் மாப்பிள ஊட்டுக்குப் போகும்."

அவர் மெஷினை நிறுத்திவிட்டார். முகம் கறுத்துப்போயிற்று. "அப்ப அந்தப் புள்ளக்கி ஊடில்லயா? அவட வாப்பா எப்பிடி நித்திர கொள்ளுற?"

அந்தக் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. இந்த நாடகங்களை எங்கள் ஊரில் எடுத்தால் என்ன ஆகும்? மாமியார் வெள்ளிக்கிழமை வட்டிலப்பத்தோடு வருவார், கறியில் உப்புக் கூட என்பார், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பஸ் ஏறிவிடுவார். பாவம், சதி செய்ய அவருக்கு நேரம் ஏது?

விதி சும்மா இருக்குமா? அடுத்த மாதமே காக்காவின் ஒரே மகள் ஷிபாவுக்குக் கண்டியிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல பொடியன். ஷிபாவுக்கும் பிடித்திருந்தது. ஆனால் பொடியனின் உம்மா தனியாக இருப்பவர். பெண் அங்கே வரவேண்டும் என்றார்கள். மகளுக்காகக் காக்கா பக்கத்து வளவில் கட்டிய வீட்டுக்கு அப்போதுதான் பெயின்ட் காய்ந்திருந்தது.

"ஏலா" என்று மறுத்துவிட்டார் காக்கா.

"நாடகத்தப் பாத்துட்டு மகள்ட வாழ்க்கயக் கெடுக்காதீங்க" என்றார் அவர் மனைவி. ஷிபா சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளாம். அது காக்காவை உலுக்கிவிட்டது. மாமியாரை நேரில் பார்த்து முடிவெடுப்பதென்று வாடகைக்கு வான் பிடித்தார். நாடகம் தெரிந்த ஆள் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

கெட்ட மாமியார்கள் எல்லாரும் மாடிப்படியில் இறங்கித்தான் வருவார்கள் என்பது காக்காவின் கண்டுபிடிப்பு. கண்டியில் அந்த வீடு மலைச்சரிவில் இருந்தது. குசினி மேலே, விறாந்தை கீழே. பொடியனின் உம்மா தட்டோடு படியில் இறங்கினார். காக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"தம்பி, இறங்கி வாறா."

தட்டில் இருந்தது பால் தேத்தண்ணீர். காக்கா தன் கோப்பையை மெல்ல என் பக்கம் தள்ளி, "நீங்க முதல்ல குடிங்க" என்றார். ஒரு மிடறு குடித்தேன். நான் சாகவில்லை என்று உறுதியான பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "நீங்க நாடகம் பாக்குறயா?"

அந்த உம்மாவும் அதே நாடகத்தைத்தான் பார்ப்பவர். "அந்தப் புள்ள அழுதா எனக்கும் அழுக வருது. தனியப் பாக்க ஏல. ஒங்கட மக வந்தா ரெண்டு பேரும் சேந்து அந்த மாமியார ஏசலாமே."

காக்கா கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"வெள்ளிக்கிழமயில நான் வந்து பாத்துட்டு, அஸருக்குப் பொறகு போயிடுவன்" என்றார்.

கண்டிக்கும் எங்களுக்கும் இடையில் அரை நாள் பஸ் பயணம் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை வந்து குடியேறும் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் பேக்கோடு புறப்பட்டதை எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். காக்கா அழவில்லை. வான் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் கடையைத் திறந்து தைக்க உட்கார்ந்துவிட்டார். இப்போது விளம்பரம் போகும் நேரமெல்லாம் கண்டிக்குப் போன் எடுக்கிறார். அந்தப் பக்கம் மாமியும் மருமகளும் ஒரே குரலில் திரையை ஏசுவது எனக்கும் கேட்கும். காக்கா சிரித்துக்கொள்வார்.

ஷிபா போன அந்தக் கிழமை முழுக்க டீவியில் கிரிக்கெட்தான் போனது. ஒரு நாடகமும் இல்லை, யாரும் அழவில்லை. அந்தக் கிழமை எனக்கு அவர் தைத்துத் தந்த காற்சட்டையின் இரண்டு பொக்கற்றும் வாய் மூடித்தான் இருந்தன. நான் அதை அவரிடம் காட்டவுமில்லை, பிரிக்கவுமில்லை. சாவியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இன்றைக்கும் அதைத்தான் போட்டுத் திரிகிறேன்.