டோம்ஃபேயின் மூன்று பிரிண்டர்களும் ஒரு வானமும்

"வானம் நீலமா இருக்கே, மிஸ்டர் டோம்ஃபே," என்றார் தலைநகர் அக்ராவிலிருந்து தொலைபேசியில் திருமதி லாம்ப்ட்டி.

வானம் நீலமாக இருப்பதை ஒரு குற்றமாக இதுவரை யாரும் க்வாபெனா டோம்ஃபேயின் மேல் சுமத்தியதில்லை. அன்று காலைதான் வாங்கி வந்த பிரிண்டர், தன் முதல் படத்தைத் துப்பிவிட்டுக் கூடத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தைத்தான் கைப்பேசியில் பிடித்து அனுப்பியிருந்தார்.

"போன மாசம் வந்த சாம்பிள்ல இருந்த அந்தத் துறவு இதுல இல்லையே. அதை நம்பித்தானே கண்காட்சியில ஒரு முழுச் சுவரை உங்களுக்கு ஒதுக்கினேன்? பன்னிரண்டு படமும் அதே மாதிரி வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள வரணும். வரலைன்னா சுவரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். வேணும்னா அந்த சாம்பிளைப் படம் எடுத்து அனுப்பவா?"

"என் படத்தை எனக்கே காட்டப் போறீங்களா, மேடம்?" டோம்ஃபே மெல்லச் சிரித்தார். "குறை பிரிண்டர்லதான். மாத்திடுறேன்."

டோம்ஃபே, கானா நாட்டின் குமாசி நகரில் ஓர் ஆண்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர். இருபத்திரண்டு ஆண்டுகளாக உலகம் தம்மைக் கண்டுகொள்ளவில்லை என்ற மனக்குறையை ஒரு செல்லப் பிராணியைப் போல வளர்த்து வந்தவர். கெஜேட்டியா சந்தையைப் பன்னிரண்டு ஓவியங்களாகத் தீட்டியிருந்தார். பன்னிரண்டிலும் தக்காளிக் குவியல்கள், தகரக் கூரைகள், அவற்றுக்கு மேலே கடையில் கிடைத்தவற்றுள் மிக நீலமான நீலத்தில் ஒரு வானம். அவற்றுள் ஒன்றின் அச்சுப் பிரதியைக் கண்காட்சியகத்துக்கு அனுப்பியதற்குத்தான், அதை நடத்தும் திருமதி லாம்ப்ட்டியின் கடிதம் வந்தது. 'நிறத்தைத் துறந்த வானம். கீழே எரியும் மண். இந்த ஓவியர் மறுப்பின் மொழியை அறிந்தவர்.'

டோம்ஃபே அக்கடிதத்தை ஏழு முறை படித்தார். தம் வானம் எதையும் துறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு விமர்சகர் தம்மிடம் ஆழத்தைக் கண்டுவிட்ட பிறகு, அதில் இறங்கி அளந்து பார்ப்பது கலைஞனின் வேலையல்ல. எட்டாம் முறை படித்தபோது, துறவு தமக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று நம்பிவிட்டார். அந்த நுட்பத்தைத் தாளில் கொண்டுவர வேண்டியது இயந்திரத்தின் பொறுப்பு.

"பேசாம முச்சந்தியில அட்டா கடையிலயே போட்டுருங்களேன், கோஜோ அப்பா," என்றாள் அவர் மனைவி செர்வா. வீட்டின் முன்பகுதியில் நாற்பது குழந்தைகளைக் கொண்டு மழலையர் பள்ளி நடத்துபவள் அவள். கேள்வித்தாள்களும் பெற்றோருக்கான கடிதங்களும் அவளுக்கு வாரந்தோறும் தேவை. பிரிண்டர் வாங்க அவள் சம்மதித்ததே அதற்காகத்தான்.

"சாவு போஸ்டர் அடிக்கிற மெஷின்லயா? என் ஓவியத்தையா?"

குமாசியில் ஒருவர் இறந்தால் மண்ணுக்குள் போகுமுன் சுவரில் ஏறிவிடுவார். அந்த வட்டாரத்தில் அவர்களை ஏற்றி வைப்பவள் அட்டா. கறுப்பும் சிவப்புமாக அவள் அச்சடித்த போஸ்டர்களில், உயிரோடு இருந்ததைவிட ஆரோக்கியமாகச் சிவந்திருப்பார்கள் இறந்தவர்கள். குடும்பத்தாருக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

"சாம்பிளைப் போட்டு அப்படியே அக்ராவுக்கு அனுப்பிடுன்னு உன்னை எங்கே போகச் சொன்னேன்? அடும் கடைவீதியில இருக்கிற பெரிய போட்டோ லேப்ல. அந்தத் தரம் இந்த வீட்டுக்குள்ளேயே வரணும்."

செர்வா பனங்கொட்டைச் சூப்பை அது கேட்காத அளவு அக்கறையோடு கிளறினாள். "உங்க இஷ்டம்."

செவ்வாயன்று டோம்ஃபே, புதுப் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு பழைய சாமான் வியாபாரியிடம் போனார். வெள்ளைக்காரன் பத்து வருஷம் பயன்படுத்தித் தூக்கிப் போட்ட பொருள், நமக்கென்று புதிதாகச் செய்த பொருளைவிட உயர்ந்தது என்பது அவ்வூரின் அசைக்க முடியாத நம்பிக்கை. கல்வி அதை டோம்ஃபேயிடம் இன்னும் உறுதியாக்கியிருந்தது.

"மாஸ்டர், இந்த லேசர் ஹாம்பர்க்ல ஒரு டாக்டர் வீட்டுல இருந்தது," என்றான் வியாபாரி. "டாக்டர் வீட்டு மெஷின் பொய் சொல்லாது."

புதியதைக் கொடுத்து, மேலே பணமும் வைத்து, பழையதை வாங்கினார். இரண்டு ஆட்கள் அதை வீட்டுக்குள் இறக்கிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அது பொய் சொல்லவில்லை. நீலத்தை நீலமாகவே அடித்தது, மெழுகு பூசியதைப் போல.

"இப்போ வானம் பிளாஸ்டிக் வாளி மாதிரி பளபளக்குது," என்றார் திருமதி லாம்ப்ட்டி.

அதன் கட்டளைகள் அனைத்தும் ஜெர்மன் மொழியில் இருந்தன. கேள்வித்தாளின் ஒரு பக்கத்தை நேராகவும் மறு பக்கத்தைத் தலைகீழாகவும்தான் அடிப்பேன் என்று அது பிடிவாதம் பிடித்தது. எந்தப் பித்தானை அழுத்தியும் பயனில்லை.

"பிள்ளைங்க பேப்பரைத் திருப்புறாங்க, நான் பிள்ளைங்களைத் திருப்புறேன்," என்றாள் செர்வா. "அட்டா கடையில பத்து நிமிஷம் ஆகும்."

"அந்தப் பேரை எடுக்காதே."

புதனன்று லேசர் போயிற்று. கூடவே அவருடைய மோட்டார் சைக்கிளும் போயிற்று. பதிலுக்கு வந்தது எட்டு வண்ண போட்டோ பிரிண்டர்.

"இதுல நீலம் மட்டுமே மூணு வகை இருக்கு, சார்," என்றார் விற்பனையாளர், ரகசியம் சொல்வதைப் போல.

டோம்ஃபேயின் கண்கள் கலங்கின. நீலத்தைத் துறப்பதற்கு முதலில் நீலம் கைவசம் இருக்க வேண்டும் என்பதும், மூன்று நீலம் வைத்திருப்பவன் மும்மடங்கு துறக்கலாம் என்பதும் அவருக்கு அக்கணமே விளங்கின.

வானம் வந்தது. பறவைகள் ஏமாந்து உள்ளே பறந்துவிடக்கூடிய வானம்.

திருமதி லாம்ப்ட்டி படத்தைப் பார்த்ததும், "என்னைக் கேலி பண்றீங்களா, மிஸ்டர் டோம்ஃபே?" என்று கேட்டார். "நாளைக்கு ஒரு நாள் பார்ப்பேன். அதுக்கப்புறம் சுவர் உங்களுக்கு இல்ல."

இதற்கிடையே அந்தப் பிரிண்டரின் மை சாதாரணத் தாளில் ஊறிப் பரவியது. வேறு வழியில்லாமல் செர்வா கேள்வித்தாளைப் பளபளக்கும் போட்டோ தாளில் அடித்துக் கொடுத்தாள். பெற்றோர் அதைப் பாராட்டுப் பத்திரம் என்று எண்ணி அன்று மாலையே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். விடைத்தாளாக ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"இரண்டும் மூணும் எத்தனைங்கிற கேள்வி இப்போ நாற்பது வீட்டுச் சுவர்ல தொங்குது," என்றாள் செர்வா. "உங்க படம்தான் இன்னும் ஒரு சுவர்லயும் ஏறல."

அன்றிரவு மின்சாரம் போனது. வந்தது. மறுபடியும் போனது. ஒவ்வொரு முறை வரும்போதும் இயந்திரம் தன் மூக்கைச் சுத்தம் செய்துகொண்டது. ஒவ்வொரு சுத்தத்துக்கும் எட்டு வண்ணத்திலும் ஒரு மடக்கு குடித்தது. சஹாராவிலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்றின் தூசியும் சேர்ந்துகொள்ள, வியாழன் காலையில் எட்டுக் குப்பிகளும் காலி. அதற்கான மை குமாசியில் எங்கும் இல்லை. அக்ராவிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

மோட்டார் சைக்கிள் இல்லாத காரணத்தால் டோம்ஃபே முச்சந்திக்கு நடந்தே போனார். ஊரில் எல்லாச் சாவுச் சடங்கும் சனிக்கிழமைதான். அதற்கு வியாழன்தான் அச்சு நாள். கடை நிரம்பியிருந்தது.

"அடடா, டீச்சர். யார் போயிட்டாங்க?" என்று துக்கத்தோடு கேட்டாள் அட்டா.

"யாரும் போகல. இது ஓவியம்."

துக்கம் அவள் முகத்திலிருந்து உடனே நீங்கியது. "அப்போ வரிசையில நில்லுங்க. செத்தவங்க முதல்ல."

ஒரு லாரி முதலாளி, ஒரு பாஸ்டர், இரண்டு தையற்காரிகள் ஆகியோருக்குப் பின்னால், இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள ஓவியர் ஒன்றரை மணி நேரம் காத்து நின்றார். கடைசியில் அவருடைய படமும் இயந்திரத்திலிருந்து வெளியே வந்தது.

வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள் வெள்ளையாக விழித்தது. தக்காளிகள் தணலாகக் கனன்றன. மண் முழுக்கச் செந்தீ. ஆனால் வேறு படமும் இல்லை, நேரமும் இல்லை. தூக்குமேடை ஏறுபவரின் மனநிலையோடு அதைக் கைப்பேசியில் பிடித்து அனுப்பினார்.

அரை நிமிஷத்தில் அழைப்பு வந்தது.

"இதுதான். இதேதான், மிஸ்டர் டோம்ஃபே. சாம்பிளுக்கும் இதுக்கும் இம்மியளவு வித்தியாசம் இல்ல. மிச்சம் பதினொண்ணும் இப்படியே வரட்டும், சுவர் உங்களுக்குத்தான். எப்படித்தான் செய்றீங்க?"

டோம்ஃபேயின் முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாக நிமிர்ந்தது. "அதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது, மேடம்," என்றார்.

கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, தாளின் ஓரத்தை நறுக்கிக்கொண்டிருந்த அட்டாவின் பக்கம் திரும்பினார். பாமரருக்கும் ஒரு துளி கிடைக்கட்டும் என்ற பெருந்தன்மை அவர் குரலில் நிறைந்திருந்தது.

"இந்த வானத்தை நல்லாப் பாரு, அட்டா. பொட்டு நீலம் இல்ல. இப்படி ஒரு வானத்துக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"மூணு வருஷம், டீச்சர்," என்றாள் அட்டா, கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீல மை வர்ற குழாய் அடைச்சுப் போச்சு, சாவு போஸ்டருக்கு நீலம் எதுக்குன்னு நானும் விட்டுட்டேன், போன மாசம் ஒரு சனிக்கிழமை, அடும்ல லேப்காரங்க எல்லாரும் சாவுக்குப் போயிட்டாங்கன்னு செர்வா அக்கா இதே படத்தைத் தூக்கிட்டு வந்தப்பவே நீலம் வராதுன்னு சொன்னேன், 'பரவாயில்ல, அடிச்சுக் கொடு, அக்ராகாரங்களுக்கு என்ன தெரியப்போகுது'ன்னு வாங்கிட்டுப் போனாங்க."