நாலு கார்டைச் சேர்த்த மாப்பிள்ளை

தெரியாத வேலையில் தோற்றால் அது அனுபவம். தெரிந்த வேலையில், அதுவும் மாமனார் முன்னால் தோற்றால், அது குடும்பச் சொத்து.

சக்குபள்ளம் பக்கம் ஓர் ஏலக்காய் ஏல மையத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஜன்னலில் மேகம், தரையெங்கும் சிந்திய பச்சைக் காய், அந்த வாசத்தின் நடுவே என் சர்வர். வியாபாரிகள் திரையைப் பார்த்துப் பட்டனை அழுத்தி விலையை ஏற்றுவார்கள். கூட்டம் கூடினால் திரை தூங்கும்.

"இங்க அமுக்குனா, போடியில போயி டீ குடிச்சிட்டுல்ல வருது!" என்று நக்கலடித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சர்வரில் நெட்வொர்க் கார்டு நாலு, ஓடியது ஒன்றுதான். நாலையும் சேர்த்து ஒன்றாக்கினால் தகவல் போகும் பாதை நாலு மடங்கு அகலமாகுமே! (புத்தியுள்ளவன் இதை ஏலமில்லாத நாளில் செய்து பார்ப்பான். நான் ஏலத்தின் நடுவிலேயே செய்தேன்.)

அன்றுதான் என் மாமனாரின் காயும் ஏலத்துக்கு வந்தது. மச்சினி கல்யாணமே அந்த விலையை நம்பித்தான் இருந்தது.

அவர் காய்க்கு முதல் விலை திரையில் வந்தது. அதோடு எல்லாத் திரையும் உறைந்தது.

நாலும் ஒன்று என்று சர்வரிடம் சொன்ன நான், கேபிள்களின் மறுமுனையில் தகவலைத் திரைகளுக்குப் பிரித்தனுப்பும் சுவிட்சிடம் சொல்லவில்லை. பெண் வீட்டில் மட்டும் பேசிவிட்டுப் பந்தல் போட்ட கதை. சர்வரின் ஒரே முகவரி நாலு வாசலிலும் மாறி மாறி நிற்பதைப் பார்த்து சுவிட்ச் மிரண்டுவிட்டது.

"மாப்ள, என் காயி என்னாச்சு?"

"பாதைய அகலமாக்குறேன் மாமா."

"இருந்ததையும்ல அடச்சிட்டீங்க!"

நான் மேசைக்கடியில் கேபிளோடு மல்லுக்கட்ட, ஏலம் நடத்துபவர் பொறுமையிழந்து மைக்கைப் பிடித்தார்: "ஸ்க்ரீன் கெடக்கட்டும் சாரே, வாயால சொல்லுங்க!"

திரைக்குப் பின்னால் இத்தனை நாள் முகம் மறைத்திருந்த இரண்டு வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே ஆகாதவர்கள்.

"நீ கேட்டா நான் விட்ருவனா?"

"ஏத்துய்யா, பாப்பம்!"

போடிமெட்டு வளைவில் ஜீப் ஏறுவதுபோல் விலை உறுமி உறுமி ஏறியது. நான் மூன்று கேபிளைப் பிடுங்கி, ஒற்றைக் கார்டில் திரைகளை எழுப்பி, வேர்த்து வெளியே வந்தபோது, மாமாவின் காய் அன்றைய உச்ச விலைக்குப் போயிருந்தது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிறகு சுவிட்சிடமும் முறைப்படி சொல்லி, நாலு கார்டையும் ஒழுங்காகச் சேர்த்துவிட்டேன். திரை இப்போது பறக்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம், மாமாவைத் தவிர. ஒவ்வோர் ஏலத்துக்கும் முன்னால் அவரிடமிருந்து போன் வரும். போனுக்குப் பின்னால் வீடே சிரிப்பது கேட்கும்.

"மாப்ள, நம்ம காயி வர்றப்ப மட்டும், அன்னைக்கி மாதிரி கொஞ்சம் அகலமாக்கி விடுங்களேன்!"