சுப்புராஜுக்குப் பின் வந்த டிரைவர்

பழனியாண்டவர் துணை

பெருமாள்மலை,
1961, கார்த்திகை மாதம்

அன்புள்ள மருமகப்பிள்ளை தண்டாயுதபாணிக்கு, தாய்மாமன் இராமலிங்கம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் எல்லோரும் குளிரில் நடுங்கியபடி சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே வத்தலக்குண்டில் நீயும் என் தங்கை விசாலாட்சியும் வியர்த்தபடி சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வலிக்கு உன் அம்மா மலைத்தேன் கேட்டிருந்தாள். அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

நிற்க. இதை நான் மாமனாக எழுதவில்லை. உன் பஸ்ஸில் பல வருடமாக டிக்கெட் வாங்கிப் போய்வரும் பிரயாணியாக எழுதுகிறேன். (மாமன், மச்சினன் என்று உன் அப்பா காலத்திலேயே எனக்கு ஓசி கிடையாது, அது வேறு விஷயம்.) சுப்புராஜ் டிரைவர் இறந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. அவர் இடத்துக்கு நீ அனுப்பிய கந்தவேலைத் தை பிறந்ததும் நிரந்தரமாக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம். அந்த ஆளை உடனே வேலையை விட்டு நிறுத்திவிடு. மளிகைக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில் ஊர் சார்பாகவே கேட்கிறேன். காரணங்களை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் சுப்புராஜ் யார் என்று உனக்குத் தெரியவேண்டும். சம்பளம் கொடுத்த முதலாளிக்குத் தெரியாதா என்பாய். உனக்குத் தெரிந்தது காக்கிச் சட்டை போட்ட ஒரு டிரைவர். எங்களுக்கு அவர்தான் தபால்காரர், கல்யாணத் தரகர், பாதி வைத்தியர். காலையில் வண்டி மலை ஏறி வரும்போது யாருக்கோ மூக்குக்கண்ணாடி, யாருக்கோ கஷாயம், யாருக்கோ தாலிக்கொடி என்று எல்லாம் அவர் சீட்டுக்கு அடியில் வரும். எதையும் மாற்றிக் கொடுத்ததில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு தடவை என் மூலத்துக்கு வந்த லேகியத்தை டீக்கடை ராமர் தின்றுவிட்டார், அவருக்கு வந்த இருமல் மருந்தை நான் குடித்துவிட்டேன். இரண்டு பேருக்கும் குணமாகிவிட்டது. இதை சுப்புராஜிடம் போய்ச் சொன்னால், "மருந்துக்கு ஆளு தெரியுமாங்க? அது பாட்டுக்கு அது சோலியப் பாக்கும்" என்றார்.

கல்யாண விஷயம் இன்னும் விசேஷம். மலைக்கு வாழ வருகிறவள் கீழ்நாட்டுப் பெண் என்றால், ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே அவளை சுப்புராஜ் வண்டியில் ஏற்றச் சொல்வோம். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு என்று பெயர். சுப்புராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். பாதி மலைக்குள் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் அந்தப் பெண் இங்கே நிலைக்கமாட்டாள், தலைதீபாவளிக்குத் தாய்வீடு போனால் திரும்பமாட்டாள் என்பது அவர் கணக்கு. என் மருமகள் கந்தம்மாளை அப்படித்தான் பார்த்தோம். வண்டியை விட்டு இறங்கியதும் என்னை ஓரமாக அழைத்து, "பொண்ணு வளைவுல முறுக்குத் தின்னுக்கிட்டு வருதுங்க. யோசிக்காம முடிங்க" என்றார். முடித்தோம். இன்றைக்கும் அவள் முறுக்குத் தின்றுகொண்டுதான் இருக்கிறாள். குடும்பம் நன்றாக நடக்கிறது.

இதையெல்லாம் விட முக்கியம் அவருடைய ஹாரன். ஊருக்கு முந்தின வளைவில் அவர் அடிக்கும் ஹாரனில் சேதி இருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் யாருக்கோ சாமான் வந்திருக்கிறது. விட்டுவிட்டு அடித்தால் விருந்தாளி, உலையில் இன்னும் ஒரு படி அரிசி போடலாம். நீளமாக இழுத்து அடித்தால் கீழே யாரோ தவறிவிட்டார்கள். வண்டி வந்து நிற்பதற்குள் கடைகளைச் சாத்திவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்போம். அந்தச் சேதியை வாயால் சொல்ல அவருக்கு வராது, மாப்பிள்ளை. இறங்கி வந்து ஒருவர் தோளில் கையை வைப்பார். யார் தோளில் கை விழுகிறதோ அவர் வீட்டுச் சாவு. உன் பெரிய மாமா போன அன்று அந்தக் கை என் தோளில் விழுந்தது. நான் அழுது முடிக்கும் வரை எடுக்கவில்லை, வண்டியில் இருந்தவர்களும் ஏன் என்று கேட்கவில்லை. கடைசியில் சுப்புராஜ் இறந்த சேதியை உருளைக்கிழங்கு லாரிக்காரர் ஒருவர் வந்து சொன்னார். ஹாரன் கேட்கவில்லையே என்று ராமர் வெகுநேரம் நம்ப மறுத்தார். நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அண்ணனுக்கு அழுததற்குக் குறைவில்லை.

இப்போது உன் கந்தவேலுக்கு வருகிறேன். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு "ஹாரன் அடிக்கவும்" என்று பலகை இருக்கிறதாம். அதைப் படித்து அதன்படி நடக்கும் முதல் மனிதர் இவர்தான். வந்த முதல் நாளே ஊருக்கு முந்தின வளைவில் நீளமாக இழுத்தார். ராமருக்கும் பெரியகுளத்து மச்சானுக்கும் வெகுநாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. போனது மச்சான்தான் என்று அவராகவே முடிவு செய்து, அடுப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "தங்கமான மனுசன், நாந்தேன் அநியாயமாப் பேசிப்புட்டேன்" என்று மார்பில் அடித்துக்கொண்டார். வண்டி வந்து நின்றது. கந்தவேல் இறங்கினார். யார் தோளிலும் கை வைக்கவில்லை, டீ கேட்டார். டீ ஏது? விசாரித்தால் ஒருவரும் சாகவில்லை. மச்சான் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் ராமர் பழையபடி அவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். மறுநாளும் அதே ஹாரன். நேற்று பொய்யாகப் போயிற்று என்று இன்று சும்மா இருக்க முடியுமா, நிஜமாக இருந்துவிட்டால்? மறுபடியும் கடையைச் சாத்தினோம். அந்த வாரம் முழுக்க ஊரில் காலை டீ கிடையாது.

நானே போய்ச் சொன்னேன். "தம்பி, இழுத்து அடிக்காதீங்க. ஊரே பதறுது."

"அடிக்கலைன்னா எதுத்தாப்புல வாரவன் நெசமாவே செத்துருவானேங்க அய்யா" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். அதனாலும் அவர் மேல் எனக்குக் கோபம்.

அடுத்தது நேரம். மத்தியானம் வண்டி மூன்று மணிக்கு இறங்கும் என்றால், ஊர் ஏறி முடித்த பிறகு இறங்கும் என்று அர்த்தம். இவர் மூன்று மணி என்றால் மூன்று மணிக்கே எடுத்துவிடுகிறார். கீழே சந்தைக்குக் காய் கொண்டுபோகும் முருகம்மாள் பீன்ஸ் மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. "ஏலே, மூட்டை கெடக்குடா, நில்லுடா" என்று கோணூசியும் கையுமாக அவள் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். போன வாரம் எனக்கே நடந்தது. குடையை சீட்டில் வைத்துவிட்டு மூக்குப்பொடி வாங்கத் திரும்பினேன். குடை வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தது, நான் மழையில் நின்றேன். மறுநாள் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் மழை இல்லை.

ஆகவே அவரை நிறுத்திவிடு. சுப்புராஜ் மாதிரி ஒருவரைத் தேடி அனுப்பு. அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் தேடு. நீ தேடிக்கொண்டிருக்கிறாய் என்றால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

குறிஞ்சி ஆண்டவர் கிருபையால் உன் வீட்டில் பிள்ளைகளும் ஷெட்டில் வண்டிகளும் நோய் நொடியில்லாமல் இருக்கட்டும். விசாலாட்சியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமன்
இராமலிங்கம்

பின்குறிப்பு: சுப்புராஜைப் பற்றி எழுத ஆரம்பித்ததில் நேரம் போனது தெரியவில்லை. இந்தக் கடிதத்தை இன்றைய வண்டியிலேயே கொடுத்தனுப்ப நினைத்திருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு மணியைப் பார்த்தால் மூன்றேகால். வண்டி போயிருக்கும் என்று நிமிர்ந்தேன். கந்தவேல் கடை வாசலில் நிற்கிறார்.

"முதலாளிக்குக் கடுதாசி எழுதுறீங்கன்னு ராமர் சொன்னாருங்க. மெதுவா முடிங்க அய்யா, நிக்கிறேன்" என்றார்.

வண்டிக்குள்ளிருந்து முருகம்மாள், "யோவ், வெரசா எழுதுங்கய்யா, சந்தையச் சாத்திருவாக" என்று கத்துகிறாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாக, "எடம் இருந்துச்சுன்னா நம்மளப் பத்தியும் ரெண்டு வார்த்த எழுதுங்கய்யா. தையில நெரந்தரம்னு சொல்லியிருக்காக. வீட்டுல மாசமா இருக்கா" என்றார்.

"எழுதியிருக்கேன் தம்பி. நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கேன்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது, மாப்பிள்ளை. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. புதிதாக எழுத நேரமில்லை, எனக்காக வண்டி நிற்கிறது. அதனால் மேலே நிறுத்து என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் நிரந்தரமாக்கு என்று வாசித்துக்கொள். தை வரைக்கும் காக்கவேண்டாம். உறையை ஒட்டப் பசை தீர்ந்துவிட்டது. ஒட்டாமல்தான் அவர் கையில் கொடுக்கிறேன். பிரித்துப் பார்க்கமாட்டார்.