மீன்களுக்கு ஒரு கட்டில்

அன்று காலை மரவள்ளிக்கிழங்கை மென்றுகொண்டே ஒரு வீர முடிவுக்கு வந்தேன். இந்த வீட்டில் இனிமேல் ஒரே ஓர் ஆண்பிள்ளைதான் இருக்க வேண்டும். அது நானாக இருக்க வேண்டும்.

முடிவு எடுப்பதில் நான் கெட்டிக்காரன். எடுத்ததை என் மனைவி கமலவேணியிடம் சொல்வதில்தான் கொஞ்சம் சிரமம்.

இன்னோர் ஆண்பிள்ளை யார் என்று சொல்லிவிடுகிறேன். அவளுடைய தம்பி தியாகு. முப்பது வயது. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற வயிறு. ஜப்பான்காரன் சைக்கிளில் மலாக்காவுக்குள் வந்த சமயத்தில், குருபோங் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிற கித்தாத் தோட்டத்திலிருந்து இவன் நடந்து வந்தான். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாமா" என்றான். அதன் பிறகு ஊரின் கொடி மாறியது, காசு மாறியது, கடிகாரத்தின் நேரம்கூட ஜப்பான் நேரமாக மாறியது. அந்த ரெண்டு நாள் மட்டும் முடியவில்லை.

நாங்கள் இருந்த காஜா பேராங் வட்டாரம் முழுக்கப் பட்டினி. அரிசி கனவில் வரும் சாமான் ஆகிவிட்டது. அந்தக் கனவிலும் தியாகு எனக்கு முன்னால் இலை போட்டு உட்கார்ந்திருப்பான். இதற்கு மேல் லோரி வேறு. தண்டவாளம் போட சயாமுக்கு ஆள் பிடிக்கிற லோரி. எதிர்வீட்டு நடராஜனைத் தெருமுனையில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். அவன் மனைவி பாக்கியம் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று தெருமுனையையே பார்ப்பாள். எத்தனை மூன்று மாதம் போயிற்று என்று அவளிடம் கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

நான் பண்டார் ஹிலிரில் கட்டில், நாற்காலி விற்கும் கடையில் வேலை பார்த்தவன். பெயர் சேதுபதி. அந்தக் காலத்தில் மலாக்காவில் பாதிப் பேர் நான் விற்ற கட்டிலில்தான் படுத்தார்கள். மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, அறுப்பதையும் இழைப்பதையும் பூட்டுவதையும் தவிர. ஜப்பான்காரன் வந்து கடையைக் காலி செய்தபோது வேலையும் போயிற்று. வேலை இல்லாத ஆண்பிள்ளையைத்தான் லோரி முதலில் தேடும்.

இந்த நேரத்தில் பக்கத்துப் பெரிய வீட்டுக்கு ஒரு ஜப்பான் ஆபீசர் குடிவந்தான். வீடு, ஓடிப்போன சீன முதலாளி, ஒரு தவுக்கேயுடையது. ஆபீசருக்கு மீன் பைத்தியம். தெங்கேராவில் கடலோரப் பங்களா ஒன்றிலிருந்து, ஆறடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியைப் பத்துப் பேர் தூக்கிவரச் செய்தான். வீட்டு மாடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினான். பாதி ஊற்றுவதற்குள் பலகைத் தரை தொய்ந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் சிமெண்டுத் தரை போட்ட வீடு எது என்று விசாரிக்க ஆரம்பித்தான்.

"என்னங்க, அந்தத் தொட்டிய நம்ம வீட்டுல வெக்கச் சொல்லலாமா?" என்றாள் கமலவேணி.

"உனக்கென்ன பைத்தியமா? புலியக் கூப்பிட்டு நடுவீட்டுல பாய் போடச் சொல்றியே!"

"மீன் பாத்துக்கிற ஆளுக்குக் கையில பட்டை கட்டுவானாம். செவப்பு சாப் முத்திரை குத்துன பட்டை. அது கையில இருந்தா லோரில ஏத்த மாட்டாங்களாம்."

எனக்கு உடனே மீன்கள்மேல் பாசம் பொங்கியது.

"எத்தன பட்டை?"

"ஒண்ணு."

தியாகுவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என் தட்டில் மிச்சமிருந்த கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அந்த வீர முடிவு பிறந்தது. பட்டை எனக்கு. மச்சானுக்கு ஒளிய இடம் இல்லாமல் போனால் தோட்டத்துக்கே ஓடிவிடுவான். அவன் சயாமுக்குப் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அவ்வளவு கெட்டவன் இல்லை நான். குருபோங் போனால் போதும்.

ஆபீசர் வந்து தரையைக் காலால் உதைத்துப் பார்த்தான். நாங்கள் மூவரும் முகம் தெரியாதபடி இடுப்பு ஒடியக் குனிந்தோம். ஓட்டை மலாயில் பேசினான். தொட்டியைத் தாங்க மரத்தில் ஸ்டாண்டு வேண்டும். உறுதியாக வேண்டும். உடைந்தால், என்று சொல்லிவிட்டுக் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவன் போனதும், "நான் செய்றேன், எனக்கு மரம் தெரியும்" என்று கமலவேணியிடம் மார்தட்டினேன். கடையில் பன்னிரண்டு வருஷம் சொன்ன வாய், பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது.

மரத்துக்கு எங்கே போவது? ஊரில் வேலிக்கட்டைகூட அடுப்புக்குப் போய்விட்டது.

"நம்ம கட்டில் இருக்கே" என்றாள் கமலவேணி.

"எது, நம்ம கல்யாணக் கட்டிலா?"

"செங்கால் மரம், யானை படுத்தாலும் அசையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது வாங்க வந்தவங்ககிட்டச் சொன்னது!"

"அப்ப எங்கிட்டச் சொன்னது பொய்யா?"

கட்டிலை உடைத்தேன். அன்று முதல் எனக்குச் சிமெண்டுத் தரை. பழைய ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்து நிமிர்த்தினேன். ஆணிகள் நிமிர்ந்தன, என் விரல்கள் வளைந்தன. தியாகு எங்கே என்று கேட்டால், மீனுக்குத் தீனி பிடிக்கப் போயிருக்கிறான் என்று பதில் வரும்.

அதையும் சொல்ல வேண்டும். ஸ்டாண்டு முடியும்வரை மீன்களை எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற தொட்டியில் விட்டிருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் கொழுத்த மீன்கள். அந்தத் தெருவிலேயே கொழுத்திருந்தவை அவை மட்டும்தான். அவற்றுக்குக் கொசுப்புழு. அதோடு ஆபீசர் வீட்டிலிருந்து தினம் ஓர் அவித்த முட்டை. ஆமாம், முட்டை! பாக்கியத்தின் குழந்தைகள் கிழங்குத் தோலைச் சுட்டுத் தின்கிற தெருவில், மீனுக்கு முட்டை. மஞ்சள் கருவை மசித்து மீனுக்குப் போட வேண்டும். வெள்ளைக் கரு தியாகுவுக்கு.

"அந்த மீனுக்கு நான் தீனி போடுறேனே" என்று ஒரு நாள் கெஞ்சிக் கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்குங்க எடுபிடி வேலை? நீங்க ஆசாரி வேலையப் பாருங்க. அதுக்கு வேற யாரு இருக்கா?"

இந்த வீட்டில் என்னை யாராவது புகழ்ந்து நெடுநாள் ஆகியிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் விரலை நசுக்கிக்கொண்டேன்.

ஸ்டாண்டுக்கு நாலு கால் நின்றதும் கமலவேணி அடுத்த கட்டளை போட்டாள். "சுத்திவரப் பலகை அடிச்சு, பின்னால ஒரு கதவு வெச்சிருங்க."

"எதுக்கு?"

"மீன் தீனி வெக்க."

"கொசுப்புழுவுக்கு ஆறடி அறையா?"

"சாமான் செட்டும் வெச்சுக்கலாம்ல?"

எனக்குப் பொறி தட்டியது. சாமானாம், சாமான்! ஆறடிச் சாமான் இந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு. லோரி வரும்போது தம்பியை அதற்குள் ஒளித்து வைக்கத் திட்டம் போடுகிறாள். என் கட்டில் மரத்தில், என் கையால், என் மச்சானுக்கு நிரந்தர அறை!

நான் சும்மா இருப்பேனா? பெட்டிக்கு நடுவில், கொஞ்சம் ஓரமாகத் தள்ளி, மேலிருந்து கீழ்வரை ஒரு தடித்த கட்டையை நிறுத்தி, அதற்குக் குறுக்கே பலகையும் அடித்தேன். என்னைப் போல் குள்ளமான ஆள் முழங்காலை மடக்கினால் அடங்கலாம். தியாகு தலையை வைத்தால் கால் வெளியே நிற்கும். ஒரே கட்டையில் மச்சானைக் குருபோங் வரைக்கும் தள்ளிவிட்ட திருப்தி எனக்கு.

"நடுவுல என்னங்க இது?"

"தண்ணிப் பாரம், கமலம்! நடுக்கால் இல்லேன்னா சரிஞ்சிடும். சரிஞ்சா என் கழுத்துதான் போகும்."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கட்டையையே பார்த்தாள். பிறகு தியாகுவைக் கூப்பிட்டாள். "உள்ள போய்ப் பாருடா." அவன் நுழைந்தான். இடுப்போடு சிக்கிக்கொண்டான். நானும் அவளும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். நான் இழுத்ததில் மகிழ்ச்சி அதிகம்.

"நீங்க போய்ப் பாருங்க" என்றாள்.

கடைக்காரப் புத்தி. சரக்கு நல்ல சரக்கு என்று காட்டாமல் இருக்க முடியவில்லை. சட்டென்று உள்ளே போய் மடங்கிப் படுத்துக் கதவையும் சாத்திக்கொண்டேன். "பாத்தியா! அளவெடுத்துத் தச்ச சட்ட மாதிரி!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"ஆமாங்க, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். அவள் குரலில் அன்று ஒரு நிம்மதி இருந்தது. தோற்றுப்போனவளுக்கு ஏன் நிம்மதி என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

தொட்டியை ஏற்றினார்கள். கிணற்றிலிருந்து மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் சுமந்து கொட்டியவன் நான். ஸ்டாண்டு அசையவில்லை. அன்று சாயங்காலம் ஆபீசர் பட்டையோடு வருவதாகத் தகவல். நான் குளிக்கக் கிளம்பினேன்.

"இன்னும் கொஞ்சம் வார்னிஷ் பூசிடுங்களேன். பளபளன்னு இருந்தா அவனுக்குப் பிடிக்கும்" என்றாள்.

கடை காலியானபோது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த டப்பாவை எடுத்துப் பூசினேன். பூசி முடிக்கவும் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

ஆபீசர் தொட்டியைச் சுற்றி வந்தான். மீன்கள் அடியில் பதுங்கிக் கிடந்தன. "மீனைப் பார்ப்பவன் யார்?" என்றான். நான் முந்திக்கொண்டு முன்னால் வந்து, பாசத்தோடு தண்ணீருக்குள் கையை விட்டேன். முழங்கை வரை வார்னிஷ். தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது. மீன்கள் பிசாசைக் கண்டதுபோல் மூலைக்கு ஓடின. ஆபீசரின் முகம் சிவந்தது. கமலவேணி தம்பியின் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். தியாகு விரல் நுனியால் தண்ணீரைத் தட்டினான். அத்தனை மீனும் மேலே வந்து அவன் விரலைக் கவ்வின. தினமும் முட்டை போட்ட விரல் அல்லவா!

ஆபீசர் குழந்தை மாதிரி சிரித்தான். தியாகுவின் கையில் பட்டையைக் கட்டினான். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "இவன் யார்?" என்றான்.

கமலவேணி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "தண்ணி தூக்குற கூலி."

"உன் புருஷன்?"

"சயாமுக்குப் போய்ட்டாரு."

சயாம் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் சிரிப்பு நின்றது. தலையைக் குனிந்துகொண்டான். அங்கே என்ன நடக்கிறது என்று எங்களைவிட அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோது, நடராஜன் திரும்ப மாட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கூலிக்காரன் குனிந்தபடியே டின்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறினான்.

ஆபீசர் போனதும் வீட்டுக்குள் பாய்ந்தேன்.

"அடிப்பாவி! உயிரோட நிக்கிறவன சயாமுக்கு அனுப்பிட்டியே!"

"கத்தாதீங்க. ஒரு வீட்டுல ரெண்டு ஆம்பளைன்னா ஒருத்தன இழுத்துட்டுப் போவான். ஒருத்தன் ஏற்கெனவே போயாச்சுன்னாத்தான் மிச்சத்த விடுவான்."

"அந்த மிச்சம் நானா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாங்க. பெட்டிக்குள்ள அவன் அடங்கியிருந்தா பட்டை உங்களுக்குத்தான். அவன் அடங்க முடியாதபடி நீங்கதான் பாத்துப் பாத்துச் செஞ்சிட்டீங்க. எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தெருமுனையில் லோரிச் சத்தம். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் பெட்டிக்குள் போனேன்.

சிப்பாய்கள் வந்தார்கள். அடுப்படியைக் கிண்டினார்கள். தியாகுவின் பட்டையைப் பார்த்தார்கள். தொட்டி ஆபீசருடையது என்று தெரிந்ததும் அதற்கு முன்னால் நின்று குனிந்து வணங்கினார்கள். என் வீட்டில் ஜப்பான் சிப்பாய் தலை வணங்கியது அன்று ஒரு தடவைதான். அதுவும் மீனுக்கு. அவர்கள் போன சற்று நேரத்தில் அடுத்த தெருவில் ஒரு பொம்பிளை அலறினாள். பலகை இடுக்கு வழியாக அந்த அலறல் வந்தது. எனக்கும் அழுகை வந்தது. அந்தப் பெட்டியில் குலுங்கி அழக்கூட அகலம் இல்லை.

அதற்குப் பிறகு என் பிழைப்பு அதுவாகிவிட்டது. சாயங்காலம் ஆபீசர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீனை ரசிப்பான். அந்த நேரத்தில் தண்ணீர் தூக்குகிற கூலிக்கு வீட்டுக்குள் என்ன வேலை? தலைக்கு மேல் மீன் நீந்தும். நான் என் கல்யாணக் கட்டிலுக்குள் மடங்கிக் கிடப்பேன்.

ஒரு நாள் அவன் கையோடு ஒரு பை கொண்டு வந்தான். ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்தான். என் காதுக்குப் பக்கத்தில் இடி இடித்தது. "நல்ல வேலை. செய்தது யார்?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் கமலவேணி. மூக்கை உறிஞ்சினாள். பொய்யா நிஜமா என்று எனக்கே விளங்கவில்லை.

அவன் பையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அரிசி! கொஞ்ச நேரத்தில் சோறு கொதிக்கும் மணம் பலகை இடுக்கு வழியாக உள்ளே வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு! கதவை உதைத்துத் திறந்துகொண்டு, மரத்துப்போன காலோடு அடுப்படிக்குத் தவழ்ந்தேன். தியாகு இரண்டாவது தடவை போட்டுக்கொண்டிருந்தான். பாக்கியத்தின் பிள்ளைகள் தட்டை வழித்து நக்கிக்கொண்டிருந்தார்கள். கமலவேணி என் முன்னால் ஒரு தட்டை வைத்தாள்.

மரவள்ளிக்கிழங்கு.

"சோறு எங்கடி?"

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது நீங்க செத்ததுக்கு அவன் குடுத்த அரிசிங்க. உங்க வாயில நானே போடுவேனா? நீங்க நூறு வருஷம் இருக்கணும், கிழங்க சாப்பிடுங்க."